வண்டிக்குள் தலைமாடு எந்தப் பக்கம்

என் மகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வண்டியை வரைந்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சாக்பீஸ்களில் மூன்றைத் தேய்த்துத் தீர்த்திருந்தாள். சிமெண்டுத் தரையில் நீளமாக ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு படுக்கை அளவு, நடுவில் ஒரு சந்து. பெட்டியின் ஒரு முனையில் "கதவு" என்றும் மறுமுனையில் "டிரைவர்" என்றும் எழுதியிருந்தாள்.

"படும்மா" என்றாள்.

"எங்கடி?"

"வண்டியிலதான். அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். கோட்டத் தாண்டினா செவுத்துல இடிச்சிக்கினேன்னு அர்த்தம்."

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்படிப் போன குடும்பம் ஒன்று விட்டுச்சென்ற மூடிய வண்டியை, என் மகள் நர்ஸாக இருந்த சின்ன வைத்தியசாலை வாங்கியிருந்தது. அந்தக் குடும்பம் விடுமுறைக்கு மலைக்குப் போகும்போது அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டதாம். டாக்டரம்மா உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எடுக்கச் சொல்லிவிட்டு என் மகளைக் கூப்பிட்டார்கள். பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோக வேண்டும், ஒரு துணைப் பெண்ணோடு இரண்டு நாள் அங்கேயே தங்க வேண்டும். "தங்கப்போவது நீ. படுக்கை எங்கே வர வேண்டும் என்று நீயே முடிவு செய்" என்றார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம்.

கூடவே ஒன்றும் சொன்னார்கள். முதல் பயணம் ஒரு சோதனை. அதில் ஏதாவது விபரீதம் நடந்தால் பெண்கள் வெளியூரில் தங்குவது அத்தோடு நின்றுவிடும். வண்டி பகலிலேயே போய்த் திரும்ப வேண்டும். அப்படியென்றால் தூரத்துக் கிராமங்கள் கிடையாது, என் மகள் பழையபடி வைத்தியசாலை வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுத வேண்டியதுதான். அந்த நாற்காலியில் அவள் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போதே அவள் முகம் சிறுத்துப் போகும்.

அவள் அப்பா இல்லை. நான் ஒருத்திதான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போகாமல் இருந்துவிடுவாள் என்று தெரியும். சொல்லாமல் சாக்பீஸ் கோட்டுக்குள் படுத்தேன்.

ஒரு வாரம் அப்படிப் படுத்தோம். ஒரு நாள் படுக்கைகளைக் குறுக்கே வரைந்தாள். உள்பக்கம் படுத்த நான் எழுந்தால் அவளை மிதித்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது, அதை அழித்தாள். இன்னொரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்து, எழுந்து, மருந்துப்பை எங்கே, விளக்கு எங்கே, கதவு எங்கே என்று தடவிப் பார்த்தாள். நான் ஒன்று இரண்டு எண்ணினேன். ஜன்னல் வழியாக இதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மா தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்:

"இன்னா டீச்சர், வூட்டுக்குள்ளயே வண்டி வுடறீங்களா? நமக்கும் ஒரு டிக்கெட்டு குடுங்களேன்!"

"ஏறிக்கோங்கம்மா, நின்னுகினு வரணும்!" என்றாள் என் மகள், கண்கட்டை அவிழ்க்காமலே.

முத்தியால்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை நடந்தது. தச்சருக்கு அவருடைய யோசனை ஒன்று இருந்தது. "டீச்சரம்மா, ரயிலு மாதிரி மேல ஒண்ணு கீழ ஒண்ணு அடிச்சிடலாம். ஒரு பக்கம் பூரா காலியாய்டும். டான்ஸே ஆடலாம்."

"மேல கனம் வேணாம்ணா" என்றாள் என் மகள். "ரெண்டும் கீழ. மருந்துப் பொட்டிங்க படுக்கைக்கு அடியில, தரையோட முடுக்கிடுங்க. பகல்ல ஒரு படுக்கைல நோயாளியப் படுக்க வெச்சிப் பாக்கணும், அதனால இந்த ஒசரம்." தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். தச்சர் மீத்தர் அளவுகோலை அங்கே பிடித்துப் பென்சிலால் குறித்துக்கொண்டார். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்த விதத்தில் ஒரு மரியாதை இருந்ததைப் பார்த்தேன். அன்று வீடுவரை எனக்கு நடப்பதே தெரியவில்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது தலைமாட்டைப் பற்றித்தான். கதவுப் பக்கம் தலை வைத்துப் படுப்பேன் என்றாள். காற்று வரும், யாராவது வந்து தட்டினால் உடனே காதில் விழும் என்றாள். பின்கதவில் ஒரு தாழ்ப்பாள்தான். அதற்கு ஒரு சாண் தள்ளி என் பெண்ணின் தலையா? கால் இருக்கட்டும் கதவுப் பக்கம், தலை டிரைவர் பக்கம் உள்ளே இருக்கட்டும் என்றேன். "பாக்கலாம்மா" என்றாள். அவள் "பாக்கலாம்" என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

அவளுக்குத் தெரியாமல் பட்டறைக்குப் போனேன். இரண்டு படுக்கையிலும் டிரைவர் பக்க முனையில் சரிவாக ஒரு தலைப்பலகை அடித்துத் தரச் சொன்னேன். ஆணி அடித்து, பிடுங்க முடியாதபடி. மறுநாள் அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

தலைப்பலகை வைத்த பிறகுதான் எனக்கு அடுத்த யோசனை வந்தது. டிரைவர் பக்கம் தலை என்றால், வண்டியின் மூக்கு எந்தத் திசையோ தலையும் அந்தத் திசை. வீட்டில் பாயை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். வண்டியில் அடித்த படுக்கை வண்டியோடுதான் திரும்பும். வண்டி வடக்கே பார்த்து நின்றால் என் பெண் வடக்கே தலை வைத்துப் படுப்பாள். படித்தவள்தான் நான், பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள்தான். ஆனாலும் வடக்கே தலை வைத்தால் ஆயுசு குறையும் என்பார்களே என்று மனசில் விழுந்த பிறகு அது போகவில்லை. டிரைவரிடம் தனியாகச் சொன்னேன். நாற்பது வயது, பாகூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, நாற்றங்காலையும் பார்த்துக்கொண்டு வண்டியும் ஓட்டுகிறவர். அவர் சிரிக்கவில்லை.

"அதெப்படிம்மா வெப்பாங்க? நீங்க சொல்லவே வேணாம். எங்க நிறுத்தினாலும் நான் பாத்துக்கறேன்."

முதல் பயணத்துக்குத் துணையாக வர வேண்டிய உதவியாளருக்குக் காய்ச்சல். எனக்குப் பள்ளி விடுமுறை. நான் ஏறிக்கொண்டேன். தவளக்குப்பம் சந்திப்பில் நிறுத்தி டீ குடித்தோம். அங்கே சந்தைக்கு வந்த பெண்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதுலயே படுப்பீங்களா? பொண்ணுங்களா?" என்று கேட்டார்கள். என் மகள் பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். புது வீட்டைக் காட்டுகிறவள் மாதிரி.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. டிரைவர் ஊர்ச் சாவடியில் படுத்துக்கொண்டார், அதற்கு எதிரே வண்டி தெற்கே பார்த்து நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் மாலை நாலு மணி இருக்கும். வேறொரு கிராமம். பாதை சுற்றி வளைத்து ஏரிக்கரை மேல் கொண்டுபோய் விட்டது. கரை அகலமாக இருந்த ஓர் இடத்தில் நிழல் இருந்தது, பெண்கள் பிள்ளைகளோடு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூக்கு நேர் வடக்கு.

"திருப்பிடலாம்மா" என்றார்.

உள்ளே மருந்துகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த என் மகள் எட்டிப் பார்த்தாள். "எதுக்குண்ணா? இங்கயே நல்லாருக்கே. ராத்திரி மழ பேஞ்ச கரை. இருக்கட்டும்."

"அவ சொல்லுவா. நீங்க திருப்புங்க" என்றேன் நான்.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். பின்னால் எடுக்கும்போது வலது பக்கத்துச் சக்கரம் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. வலது பக்கம்தான் வாய்க்கால். அதைப் பார்த்துச் சொல்ல நான் கீழே நின்றேன். "வரலாம், வரலாம்" என்றேன். நான் சக்கரத்தைப் பார்க்கவில்லை. சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது, தெற்கு சரியாக வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரை ஓரம் சத்தமே இல்லாமல் இடிந்தது. வண்டி மெதுவாக, ஒரு மாடு படுக்கிற மாதிரி, வலது பக்கம் சாய்ந்து ஒரு பூவரசு மரத்தின்மேல் தோளை வைத்து நின்றது. உள்ளே கண்ணாடி உடையும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் அவளைக் கூப்பிட்டேனா என்பதுகூடத் தெரியாது. கூப்பிட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

"உயிரோடதான் இருக்கேம்மா, கத்தாத!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பின்கதவு வாய்க்கா மேல தொங்குது. முன்பக்கம் வரேன்."

டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருந்த திறப்பு வழியாக ஊர்ந்து வந்து, இடது கதவில் ஏறி, டிரைவர் கையைப் பிடித்துக் குதித்தாள். நெற்றியில் புடைப்பு. சேலை ஒரு முழம் கிழிந்திருந்தது, ஊர்ந்து வரும்போது தலைப்பலகை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. நான் அடிக்கச் சொன்ன ஆணி.

வண்டியைச் சுற்றிவந்த டிரைவர், சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "கனம் பூரா அடியில இருந்துச்சிம்மா" என்றார். "அதான் சாஞ்சதோட நின்னுச்சி. மேல ஒரு படுக்கையும் பொட்டியும் அடிச்சிருந்தா இந்த மரம் தாங்கியிருக்காது. உருண்டிருக்கும்."

அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் எழுத வேண்டும். முகத்தைக் கழுவினாள். டிரைவரை விட்டு உடையாத மருந்துகளை எடுக்கச் சொன்னாள். அடியில் முடுக்கிய பெட்டிகளில் இருந்தவை எல்லாம் முழுசாக இருந்தன, வெளியே எடுத்து வைத்திருந்த நாலு சீசாதான் போயிற்று. கரைமேல் ஒரு பாயை விரித்து உட்கார்ந்து, "யாரும்மா மொதல்ல வந்தது?" என்று கேட்டாள். பயந்து எழுந்து நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். இருட்டுவதற்குள் கடைசிப் பிள்ளைவரை பார்த்து முடித்தாள். நான் சற்றுத் தள்ளி மண்ணில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முதுகையா சீட்டு எழுதும் நாற்காலியில் வைத்துப் பூட்டப் பார்த்தோம் என்று இருந்தது.

ஊர் ஆட்கள் ஏர் மாடுகளையும் வடத்தையும் கொண்டுவந்து வண்டியை மேலே இழுத்தார்கள். "இன்னா மிசே, வண்டியக் குளிப்பாட்டலாம்னு எறக்கினீங்களா?" என்று பிரெஞ்சுத் துரையை அழைப்பதுபோல் டிரைவரை அழைத்துக் கேட்டார் ஒரு பெரியவர். "மாட்டத்தான் இங்க குளிப்பாட்டுவோம். சொல்லியிருந்தா தேய்க்க வைக்கலாவது குடுத்திருப்போம்." எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் மூவருக்கும் வேண்டியிருந்தது.

வண்டி மறுபடியும் பழைய இடத்திலேயே நின்றது. மூக்கு வடக்கு.

படுக்க ஏறியபோது என் மகள் என் தலையணையை எடுத்துக் கதவுப் பக்கம் போட்டாள். தன்னுடையதையும் போட்டாள். "இப்ப தலை தெக்கதான? படு" என்றாள்.

அவ்வளவுதான் வேலை. வண்டியைத் திருப்பியிருக்க வேண்டியதில்லை, தலையணையைத் திருப்பியிருந்தால் போதும். கரைமேல் நின்றபோது அது எனக்குத் தோன்றாமல் இல்லை. கதவுப் பயம் ஒரு பக்கம், திசைப் பயம் ஒரு பக்கம், இரண்டில் எதையும் விட மனசில்லாமல் நடுவில் என் பெண்ணை உட்காரவைத்து வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

விடியும்போது கதவு தட்டப்பட்டது. மெதுவாக, விரல் கணுவால். ஒரு சாண் தள்ளி என் தலை இருந்ததால் எனக்குத்தான் முதலில் கேட்டது. அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நானே தாழ்ப்பாளை எடுத்தேன். கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் நின்றாள், முந்தின நாள் வயலிலிருந்து வர முடியவில்லையாம். "நர்ஸம்மா இருக்காங்களா?" என்றாள்.

"இருக்காங்க, வாம்மா" என்றேன். என் மகளை நான் அப்படி மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஊர் திரும்பியதும் டாக்டரம்மாவிடம் நானே போனேன். என் மகள் எழுதியிருந்த அறிக்கையில் "மழையில் கரை இடிந்தது" என்று மட்டும் இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அது போதாது. தலைப்பலகை, வடக்கு, சூரியன், எல்லாவற்றையும் சொன்னேன். படுக்கையை அவள் அமைத்த விதத்தால்தான் வண்டி உருளவில்லை என்று டிரைவர் சொன்னதையும் சொன்னேன். என் தப்புக்கு அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிடாதீர்கள் என்றேன். டாக்டரம்மா அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள்.

"அன்று மாலை அவள் எத்தனை பேரைப் பார்த்தாள்?" என்று கேட்டார்கள்.

"வந்திருந்த எல்லாரையும்" என்றேன்.

அடுத்த வாரமே வண்டி கிளம்பியது. அதற்குள் தச்சர் தலைப்பலகைகளைப் பிடுங்கி, ஆணி ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்திருந்தார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்றும் யாராவது வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டால் என் கண் சக்கரத்துக்குத்தான் போகும். கிளம்பும் நாளில் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. ஆனால் திரும்பி வந்து கால் கழுவும்போது அவளே சொல்லிவிடுவாள்:

"ரெண்டு ராத்திரியும் கதவுப் பக்கந்தாம்மா. திக்கு இன்னான்னு பாக்கல."

"யாராவது தட்டினாங்களா?" என்பேன்.

"தட்டினாங்க" என்பாள்.