சாச்சாவின் பாய்ப்படகை ஓடவைத்த கதை

டிப்ளோமா முடித்து வீட்டில் சும்மா இருந்த நாட்களில், வாப்பாவின் தம்பி, என் சாச்சா, ஒரு பழைய பாய்ப்படகை வாங்கினார். அறுகம்பைக் கடற்கரைக்குச் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கைவிட்டுப் போனது. பாய் முழுக்கக் கிழிசல். உள்ளே இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். அட்டாளைச்சேனைப் பக்கம் ஆற்றில் கொண்டுவந்து கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் படிச்சவன். இத ஓட வெச்சித் தா மனே. சீசனுக்கு ஆக்கள ஏத்திக் கடலுக்குப் போற வேல ஒன்ட. போட் ஒன்ட கையிலதான்."

வாப்பா அப்போது என் பாஸ்போர்ட்டோடு கட்டாருக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டிடம் அலைந்துகொண்டிருந்தார். எனக்குக் கட்டார் வேண்டாம். இந்தப் போட் போதும். அன்றே ஸ்பெனர்களோடு இறங்கினேன்.

எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் இப்படித்தான் ஆகுமென்று பார்த்த வீடியோ எல்லாம் சொன்னது. பில்டரின் மேலிருக்கும் சின்ன போல்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றுவேன். மறுபடி ஓடும். மறுபடி நிற்கும். பில்டரை மாற்றினேன். குழாய்களை மாற்றினேன். கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்ன இஞ்சினியர், இண்டைக்கும் காத்தா?"

"ஓம், காத்துத்தான்."

"பாய்க்குப் புடிக்கிற காத்தெல்லாம் ஒன்ட பைப்புக்குள்ள போனா போட் எப்பிடிடா போகும்?"

நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ஒரு நாள் எஞ்சின் நின்ற கையோடு, டீசல் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கத் தாங்கியின் மூடியைத் திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் டீசல் எஞ்சினுக்குப் போகாது. அதற்கென்றே தாங்கியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் போய், படகின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு துளையில் முடியும். வெளியே போய்த் தேடினேன். துளை இல்லை. வழவழவென்று நீலப் பெயின்ட்தான் இருந்தது. இத்தனை நாளும் நான் காற்றைத் துரத்திக்கொண்டிருந்தேன். எஞ்சினோ காற்றில்லாமல்தான் நின்றுகொண்டிருந்தது.

"சாச்சா, இதுல இரிந்த ஓட்டைய ஆரு அடச்ச?"

"நான்தான். பெயின்ட் அடிக்கக்குள்ள. பின்ன, ஓட்டையோடயா தண்ணில விடச் சொல்றாய்?"

ஆணியால் குத்தித் திறந்தேன். அன்று பின்னேரம் எஞ்சின் நிற்கவேயில்லை. முகத்துவாரம் வரை போய்த் திரும்பினோம். வலைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவரும் பகிடி விடவில்லை.

அடுத்த கிழமை சாச்சாவின் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுத்தாக வேண்டும். வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு ஆற்றங்கரைக்கு வந்து போட்டையும் பார்த்தார்கள். நான்தான் ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் வேகமாகவே ஓட்டிக் காட்டினேன்.

அன்று பொழுதுபட்டு மஃரிபு தொழுதுவிட்டு சாச்சா எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"மாப்பிள ஊட்டுக்காரங்க போட்டையும் கேக்காங்க மனே."

"எனக்குத் தாறண்டுதானே சொன்னீங்க?"

"சொன்னதுதான். ஓடாமக் கிடந்திரிந்தா ஆரு அதக் கேக்கப் போற? நீ வேலைய நல்லாச் செஞ்சிட்டாய்."

அதைப் பாராட்டாகவே சொன்னார். வாப்பா என் முகத்தைப் பார்க்காமல், "பொம்புளப் புள்ளட விசயம்" என்றார். அந்தப் பொம்பிளைப் பிள்ளைக்குப் போட் வேண்டியதில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை.

கல்யாணத்துக்கு முதலே மாப்பிள்ளை போட்டைப் பார்க்க வந்தார். நல்ல மனிசன்; எரிச்சலே அதுதான். எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தி, "மச்சான், இது இடையில நிண்டா என்ன செய்யிற?" என்று கேட்டார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பில்டர், போல்ட், கைப்பம்பு, துளை என்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவர் போனில் வீடியோ எடுத்தார். பிறகு, "இன்னொருக்காச் சொல்லுங்க மச்சான், சரியா விளங்கல்ல" என்றார்.

இன்னொருமுறை சொன்னேன்.