ஜெபிக்கும்போது சாலையைப் பாருங்கள்

ஜெபிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று உலகம் நம்புகிறது. இது தவறு. வேதத்தை ஆதியிலிருந்து அந்தம்வரை தேடிப் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு கட்டளை எங்குமே இல்லை. முழங்கால் போட்டிருக்கிறார்கள். முகங்குப்புற விழுந்திருக்கிறார்கள். கைகளை விரித்திருக்கிறார்கள். ஒருவர் மீன் வயிற்றுக்குள் இருந்தபடி ஜெபித்திருக்கிறார். அங்கே கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். ஆண்டவரே லாசருவின் கல்லறை முன்னால் கண்களை ஏறெடுத்துத்தான் ஜெபித்தார். கண்ணை மூடும் வழக்கம், பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளாமல் இருப்பதற்காக ஏதோ ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை கண்டுபிடித்தது என்பது என் ஆராய்ச்சி முடிவு.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் பக்தி அல்ல, உயிர்ப்பயம். எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருந்தேன். ஓட்டத் தெரியாதவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் தொழில் அது. மகன் ஓட்டும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திப் பார்த்தவர்களுக்கு நான் எழுதுவது புரியும்.

மூன்று காவல்

எங்கள் வண்டி ஒரு கிழட்டு அம்பாசிடர். முதலாளி கோவிந்தன் டாஷ்போர்டில் மாங்காடு காமாட்சி படம் ஒட்டியிருந்தார். மெக்கானிக் பாஷா பாய் கண்ணாடியில் தர்காவிலிருந்து கொண்டுவந்த கயிறு கட்டியிருந்தார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? கர்த்தர் என் மேய்ப்பர் என்று ஒரு ஸ்டிக்கர் வாங்கி, கோணல் இல்லாமல் இருக்க ஸ்கேல் வைத்து ஒட்டினேன்.

ஒரு மார்கழி விடியலில் வண்டி கிளம்பவில்லை. தெருவிளக்கைச் சுற்றிப் பனி மஞ்சளாக உருண்டுகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பானெட்டைத் திறந்து, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல நின்றோம். யாரும் வாய் திறந்து வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேரின் உதடுகள் அசைந்ததை நான் பார்த்தேன், மூன்றாவது என்னுடையது. கோவிந்தன் கடைசியில் பானெட்டை மூடினார்.

"மூணு பேரு காவல் காத்தும் கெளம்ப மாட்டேங்குது. சாமிங்க மேல தப்பில்ல மாஸ்டர், பேட்டரிய மாத்திடலாம்."

பஸ் நம்பர் வாரியாக

தங்கராஜ் அய்யா திருநெல்வேலிக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த கையோடு கார் ஓட்டக் கற்க வந்தார். சாவியைத் திருப்புமுன் ஜெபம். அதுவும் பொத்தாம்பொதுவான ஜெபம் அல்ல. எதிரே வரக்கூடிய பஸ்களை நம்பர் சொல்லி, அவற்றின் டிரைவர்களுக்கு நிதானமும் நல்ல தூக்கமும் கேட்பார். தண்ணீர் லாரிகளுக்குத் தனிப் பாரா. எருமைகளுக்கு ஒரு வரி.

ஒருநாள் மார்க்கெட் வளைவில் கிளட்சைச் சட்டென்று விட்டதால் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. திரும்பக் கிளப்ப வேண்டும். கிளப்புமுன் ஜெபிக்க வேண்டும். அய்யா கைகூப்பிக் கண்ணை மூடி, முதல் பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தார். எங்கள் பின்னால் ஹாரன்கள் சேர்ந்திசையாகக் கேட்டன. "அய்யா, சுருக்கமா" என்றேன். "அவசரப்படுத்தாதேயும் வே, இன்னும் பூந்தமல்லி ரூட்டே வரல" என்றார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். ஜன்னலுக்குள் தலையை விட்டு, கூப்பிய கைகளைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்.

"இன்னா பெருசு, நடுரோட்ல கொலு வச்சிகினு கீற? சுண்டல் குட்த்தா வாங்கிகினு போறோம், இல்லாங்காட்டி வண்டிய எடு."

ரொட்டி வண்டி

இனி எஸ்தர் அம்மா. மற்றவர்கள் ஆசைக்குக் கற்க வந்தார்கள். இவர் வேறு வழியில்லாமல் வந்தார்.

மேனாம்பேட்டில் அவரும் கணவர் சாமுவேலும் சின்ன பேக்கரி வைத்திருந்தார்கள். விடிவதற்குள் ரொட்டியையும் பன்னையும் பழைய பியட் ஒன்றில் ஏற்றி, பூந்தமல்லி வழியாகச் செம்பரம்பாக்கம்வரை கடை கடையாகக் கொடுக்க வேண்டும். ஓட்டிக்கொண்டிருந்தவர் சாமுவேல். வாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. பிறகு மணி என்ற டிரைவரை வைத்தார்கள். மணிக்கு துபாய் விசா வந்துவிட்டது. மே மாதக் கடைசியில் விமானம். அதற்குள் எஸ்தர் அம்மா லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். வேறு டிரைவர் கிடைக்காமலில்லை. அந்த நேரத்துக்கு எழுந்து வருகிற டிரைவர்தான் கிடைக்கவில்லை.

முதல் நாள், எஸ்டேட் ரோட்டில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு லாரி. திரும்பிப் பார்த்தால் அம்மா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி கண்ணை மூடியிருக்கிறார். உதடு மட்டும் அசைகிறது. என் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். பயிற்சி வண்டியில் மாஸ்டர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அந்த இரண்டு பெடல்கள் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மூச்சு வந்ததும் மீன் வயிற்றிலிருந்து லாசருவரை என் ஆராய்ச்சியை முழுதாக எடுத்துச் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் மாஸ்டர். ஆனா கண்ணத் தொறந்தா லாரிதான் தெரியுது. மூடினாத்தான் ஆண்டவர் தெரியறாரு."

யார் மிதித்தது

ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். சாவி உள்ளங்கையில் இருக்கும்வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கண்ணை மூடி ஜெபிக்கலாம். சாவி துவாரத்துக்குள் போய்விட்டால், வாய் ஜெபிக்கட்டும், கண் சாலையைப் பார்க்க வேண்டும். அவர் ரொட்டி கொடுக்கும் வழியிலேயே பாடம் நடத்தினேன். ஒவ்வொரு கடை வாசலிலும் நிறுத்தி, ரொட்டி கொடுப்பதுபோல இறங்கி ஏறி, சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜெபிப்பார். கடைக்குக் கடை புதிதாக ஒரு ஜெபம். பழையதை அவர் திரும்பச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் முகம் தெளிந்தது. ஆனாலும் திடுமென்று ஏதாவது குறுக்கே வந்தால் இமை தானாக விழுந்துவிடும். என் கால் மிதிக்கும். வண்டி நிற்கும். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, நிறுத்தினீரே" என்பார். ஆடு வந்தது: ஸ்தோத்திரம். பால்காரர் சைக்கிள் வந்தது: ஸ்தோத்திரம். என் கெண்டைக்கால் வீங்கியது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "அம்மா, ஒவ்வொரு தடவையும் நிறுத்துவது நான்தான்" என்று என் பிரேக்கைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அது முதல் நாளே எனுக்குத் தெரியும் மாஸ்டர். ஒங்க கால எழுப்பி விட்றது யாருன்னு கேக்கறேன்."

ஏரிக்கரை

மே மாதத்தில் பனி கிடையாது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். செம்பரம்பாக்கம் ஏரி அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. ஒரு காலையில் தண்ணீரிலிருந்து வெள்ளையாக ஏதோ எழுந்து கரையைத் தாண்டி சாலைக்கு வந்துவிட்டது. புளியமரங்கள் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தன. கொக்குகள் எதன்மேலும் இல்லாமல் நின்றன. சாலை நகர்கிறதா நாங்கள் நகர்கிறோமா என்று சொல்ல முடியவில்லை. இஞ்சின் சத்தம்கூட யாரோ அடுத்த அறையில் தைப்பதுபோல மெல்லக் கேட்டது.

எஸ்தர் அம்மா ஏதோ பாடிக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் சாலைக்கு அப்பால் யாரையோ பார்ப்பதுபோல. கரைமேல் எருமை ஒன்று பனியிலிருந்து வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி பனிக்குள் போனது. வண்டி அதற்காகத் தயங்கி, பிறகு ஓடியது. யார் பிரேக் போட்டது? என் கால்கள் இரண்டும் சீட்டுக்கடியில் மடங்கிக் கிடந்தன. எவ்வளவு நேரமாக என்று எனக்கே தெரியவில்லை. அநேகமாக நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். தொழிலில் அது மன்னிக்க முடியாத குற்றம், அன்றைக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. கடைசிக் கடை வந்ததும் வண்டியை அணைத்து, சாவியை உருவினார். ஸ்தோத்திரம் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"நல்லா தூங்கினீங்களா மாஸ்டர்? எழுப்ப மனசு வரல."

எழுதப்படாத விதி

டெஸ்டில் எங்கும் எழுதப்படாத ஒரு சிக்கல் உண்டு. என் இடத்தில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். என் பிரேக் அவர் காலடிக்குப் போய்விடும். நான் பின் சீட்டில் வெறும் பயணி.

முதல் டெஸ்டில் அம்மா மைதானத்தை அழகாகச் சுற்றினார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதும் பழைய பயம் வந்து இமை இரண்டும் விழுந்தன. வண்டி கண்ணை மூடியபடியே பின்னால் போய், நட்டிருந்த மூங்கில் கொம்பைச் சாய்த்தது. இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. நல்ல மனிதர், களைத்த மனிதர். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். ஒரு வாரம் கழித்து என்றால், மணி விமானம் ஏறும் அதே நாள்.

வெளியே வேப்பமர நிழலில் சாமுவேல் நின்றிருந்தார். விழுந்த கையை மறு கையால் தாங்கியபடி விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். மனைவியின் தோளில் ஒட்டியிருந்த வேப்பம்பூவைத் தட்டிவிட்டார்.

"அழாத எஸ்தரு. முன்னாடி போறதுக்கு ஜெபிச்சோம், பின்னாடி போறதுக்கு ஜெபிக்க மறந்துட்டோம், அவ்ளோதான்."

பின் சீட்

மறு டெஸ்ட் அன்று எஸ்தர் அம்மா வண்டிக்குள் ஏறி, சாவியை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பின்னாலிருந்து இருமினேன். அம்மா ஆமென் சொல்லிவிட்டுச் சாவியைத் துவாரத்தில் போட்டு, கண்ணை அகலத் திறந்தார். பரீட்சைக்குப் படித்த பிள்ளையைப்போல அவ்வளவு அகலமாக.

வண்டி நகர்ந்தது. என் கால் தானாகப் பெடலைத் தேடியது. அங்கே முன் சீட்டின் முதுகுதான் இருந்தது. மேனாம்பேட்டில் பற்றவைக்கக் காத்திருக்கும் அடுப்பு நினைவுக்கு வந்தது. விமான நிலையத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மணி நினைவுக்கு வந்தான். சாய்ந்த மூங்கில் கொம்பைத் திரும்ப நட்டிருந்தார்கள், போன வாரத்தைவிட நெருக்கமாக. "ரிவர்ஸ் எடுங்கம்மா" என்று இன்ஸ்பெக்டர் சொன்னது காதில் விழுந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று சாட்சி சொல்ல எனக்குத் தகுதியில்லை. வெயில் இமைமேல் சிவப்பாக விழுந்தது. வண்டி தண்ணீரில் மிதப்பதுபோல மெல்லப் பின்னால் போனது. வேப்பம்பூ வாசம் வந்து போனது. வண்டி நின்றபோது எதுவும் சாயும் சத்தம் கேட்கவில்லை.

யாரோ என் முழங்காலைத் தட்டினார்கள். பார்த்தால் இன்ஸ்பெக்டர் பின்னால் திரும்பியிருந்தார். எஸ்தர் அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா பாஸ். நீங்க மொதல்ல கண்ணத் தொறங்க மாஸ்டர், எறங்கணும்."

வேதத்தில் எங்குமே இல்லாத ஒரு வழக்கம் இத்தனை பேருக்கு எப்படித் தொற்றியது என்ற என் ஆராய்ச்சிக்கு, காலடியில் பிரேக் இல்லாத இடத்தில் உட்கார்ந்த அன்றுதான் விடை கிடைத்தது.

ஜூன் மாதத்திலிருந்து பூந்தமல்லிக் கடைகளுக்கு ரொட்டி கொஞ்சம் தாமதமாக வந்தது. செம்பரம்பாக்கத்துக்கு இன்னும் சில ஜெபங்கள் தாமதமாக.