கலந்து எண்ணச் சொன்ன செல்லையா அண்ணன்

செல்லையா அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, எஸ்டேட் பிள்ளைகளை நான் டீச்சராகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். ஓவேலிப் பக்கம் அன்று காலையிலிருந்தே சிக்னல் இல்லை. கூடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஜீப் டிரைவர்தான் வாசலில் நின்று சொன்னார். நம் லயத்து வரிசை வீடுகளில் பலர் அவரோடு பேச்சை நிறுத்தி வெகுகாலமாகிறது. அப்படி நிறுத்திய நீங்களும் இதைப் படிப்பீர்கள். அதனால் பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

சிறுவனாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர் அண்ணன். ஓய்வு பெறும்வரை நம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டவர். தராசில் ஒரு கிராம் ஏமாற்றமாட்டார், பேச்சில் ஒரு சொல் குறைக்கமாட்டார். தேர்தலுக்கு முந்தைய வாரம் மாரியம்மன் கோயிலில் கூடி, கற்பூரம் ஏற்றி, லயமே ஒரு பக்கம் போடுவதாகச் சத்தியம் செய்வோமே, அந்த வழக்கம் அவருக்குப் பிடிக்காது. ஆனால் காரணம் அவருக்கும் தெரியும். பூத் நம் லயத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு பூத் இயந்திரத்தையும் தனித்தனியாக எண்ணுவதால், யார் பக்கம் போட்டோம் என்பது மறுநாளே கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். தன் பூத்தில் மாற்றிப் போட்ட மேல் லயத்துக்கு இன்னும் தண்ணீர்க் குழாய் வரவில்லை. “ஆளுக்குத்தான் ரகசிய ஓட்டு டீச்சரம்மா. லயத்துக்கு என்ன ரகசியம்?” என்பார்.

வாக்கு இயந்திரங்களுக்கான தொழில்நுட்பத் தர வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஒரு அறிவிப்பு வந்ததை ஒருநாள் செல்போனில் பார்த்து, வேடிக்கையாகத்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். மனிதர் பிடித்துக்கொண்டார். “கொழுந்த வாட்டுறதுக்கு மொத்தமா கொட்டிப் பரப்புறோம். அதுக்குப் பொறகு எது யாரு பறிச்சதுன்னு சொல்ல ஏலுமா? ஓட்டையும் அப்படிக் கொட்டச் சொல்லுங்க. பல பூத்து மிஷினையும் ஒண்ணாச் சேர்த்து, மொத்தக் கணக்க மட்டும் காட்டட்டும்.” அதை நான் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டியதும் முகம் சுளித்தார். “கெஞ்சாதீங்க டீச்சரம்மா, கேளுங்க.” பணிவெல்லாம் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அனுப்பும்போதுதான் வினை தெரிந்தது. கருத்துச் சொல்பவரின் பெயரும் முகவரியும் கட்டாயம் வேண்டுமாம், அவற்றை வெளியிடவும் செய்வார்களாம். பெயர் தரச் சொல்லி இருவரும் வீடு வீடாகப் போனோம். லயத் தலைவர் ராஜு சிரித்தே விட்டார். “ஏனுங்க டீச்சர், நாங்க யாருக்குப் போட்டோம்னு வெளிய தெரியக்கூடாதுன்னு கேக்கறதுக்கு, எங்க பேரெல்லாம் வெளிய தெரியணுமாக்கும்?” அவர் சொன்னதில் தப்பில்லை; யாரும் பெயர் தரவில்லை. என் பெயரைச் சேர்க்கப் போனபோது அண்ணன் தடுத்துவிட்டார். “உங்க வேலை எஸ்டேட் தொரைமாரு கையில இருக்கு. எனக்கு இனி எந்த வேலய நிறுத்துவாங்க?” அவர் பெயர் மட்டும் போனது. எண்ணும் முறை இயந்திரத் தரத்தின் வரம்பில் வராது என்று பதில் வந்தது. அவர் பெயரும் நம் லயத்தின் பெயரும் மட்டும் அந்த இணையப் பக்கத்தில் எல்லோர் பார்வைக்கும் நின்றன.

அடுத்த தேர்தலுக்கும் கற்பூரம் ஏற்றினோம். முடிவு வந்தபோது, நம் பூத்தில் எதிர்ப்பக்கம் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது. எல்லோரும் அண்ணனைத்தான் பார்த்தீர்கள். தருவதாகச் சொன்ன ஓடைப் பாலத்தைக் கட்சிக்காரர்கள் கைகழுவியதும், பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னிலும் ராஜு கத்தினார். “போடலைன்னா போடலைன்னு சத்தியம் பண்ணுங்க, விட்டுடறோம்!” அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நான் இல்லன்னா அடுத்து யாரக் கேப்பீங்க? சத்தியமெல்லாம் ஏலாது” என்று சொல்லி நடந்துவிட்டார். அதன்பின் கல்யாணத்துக்கு அழைப்பில்லை, காய்ச்சலுக்குக் கஞ்சியில்லை. எனக்கே கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். வெறுந்தேநீர் ஊற்றிக் கொடுத்தார், பேச்சை மட்டும் கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

இப்போது அண்ணன் இல்லை. அடுத்த தேர்தலில் அந்த ஒற்றை எதிர் ஓட்டு விழாவிட்டால், போட்டவர் அவர்தான் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். விழுந்தால், செத்தவர் எழுந்து வந்து போடவில்லை என்று வீடு வீடாகத் தேடுவீர்கள். இத்தனை நாள் பழியைத் தாங்க ஒரு ஆள் இருந்தார். அதைப் போட்டது வேறு யாராவது என்றால், அப்படிப் போட்டவருக்கு இனி வாக்கு இயந்திரத்தில் எந்தப் பட்டனும் பத்திரமில்லை.

வாய்க்கரிசி போட வரிசையில் நின்றபோதே ஒருவர் என் காதருகே கேட்டார். “டீச்சர், அப்ப அது நீங்களா?” பதில் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லப்போவதில்லை. அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். என்னையும் ஒதுக்குவதானால் ஒதுக்குங்கள். பிள்ளைகளை மட்டும் காலையில் அனுப்பிவிடுங்கள்.