நண்டண்ணன் பார்த்துச் சொன்ன விண்வெளிப் படம்

நண்டண்ணே, நீ போய்விட்டாய் என்ற சேதி வந்தபோது நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில்தான் இருந்தேன். குழம்பு வைத்து எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உன் மகன் போனில் "அத்தை, அப்பா..." என்றான். பாதி மீன் கழுவினது, பாதி கழுவாதது. மிச்சத்தையும் கழுவி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிற உங்கள் எல்லாருக்கும் என் அண்ணனைத் தெரியும். ஹார்பரில் வின்ச் ஓட்டிய சூசை மிக்கேலாகச் சிலருக்குத் தெரியும். கோயில் வாசலில் நின்று சினிமா பேசுகிறவராக மற்றவர்களுக்குத் தெரியும். எனக்கு அவர் நண்டண்ணன். சின்னப் பிள்ளையில் எதைப் பிடித்தாலும் விடமாட்டார் என்று அம்மா வைத்த பெயர். கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம் இருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகம் வந்தபடி எழுதுகிறேன்.

எழுபது எண்பதுகளில் எங்கள் மாதா கோயில் வாசலில் ஒரு பலகை இருந்தது உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊருக்கு எந்தப் படம் வந்தாலும், எல்லாரும் பார்க்கலாமா, பெரியவர்கள் மட்டும் பார்க்கலாமா, யாருமே பார்க்க வேண்டாமா என்று பங்குச் சாமி அதில் எழுதிப் போடுவார். சாமியார் தியேட்டருக்குப் போக முடியாது. அதனால் அவருக்காக முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது அண்ணன்தான். வந்து சாமியிடம் ஒரு மாதிரி சொல்வார், தெருவில் வேறு மாதிரி சொல்வார். தெருவில் சொல்வதும் மூன்று வகைதான். "வீட்டுல சொல்லிட்டுப் போலாம்." "வீட்டுல சொல்லாமப் போலாம்." "இதுக்கு வீட்டுலயே இருக்கலாம்." அவர் பேச்சை நம்பி ஏமாந்தேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த நாட்களில் அண்ணனும் என் வீட்டுக்காரர் லாசரும் மூன்று வருடம் பேசாமல் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

முத்துக் குளிப்பு எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே நின்றுபோனது. அதன்பிறகு சங்குதான். என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அடிக்குப் போவார். வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். எங்கள் கரையில் அதுதான் வழக்கம். தன் தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்று நினைக்கிறவன் கயிற்றை விடமாட்டான் இல்லையா, அதற்காக. கீழே இருக்கிறவர் கயிற்றைச் சுண்டினால் இழுக்க வேண்டும். சுண்டாவிட்டால் மேலே இருக்கிறவர் மாதாவை நோக்கிச் சொல்கிற அருள்நிறை மந்திரத்தைச் சொல்லி எண்ணிக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரருக்கு ஏழு மந்திரம் கணக்கு. ஏழு முடிந்தும் சுண்டவில்லை என்றால் கேள்வி கேட்காமல் இழுத்துவிட வேண்டும்.

ஒருநாள் அண்ணன் முன்னதாகவே இழுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் சங்கு கிடக்கிற இடத்தைக் கண்டு கையை நீட்டியிருக்கிறார். வெறுங்கையாக மேலே வந்தவரைப் பார்த்து மற்ற வள்ளத்துக்காரர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "ஒங்கையில பயம் வந்துட்டு. இனிமே என் கயித்தத் தொடாத" என்று என் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். மறுநாளே வேறு ஆளைக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டார். மச்சான் உயிரோடு இருக்கும்போது அந்நியன் கயிறு பிடிப்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் ஹார்பருக்கு மூட்டை ஏற்றப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவர் ஞானஸ்நானத்தன்று கடைசி பெஞ்சில் இருந்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். நானோ, அந்நியன் கையில் கயிறு இருக்கிறதே என்று நினைத்து, வள்ளம் கரைக்கு வருகிறவரை குசினியில் அடுப்பு முன்னால் ஒரு வேலையும் ஓடாமல் நிற்பேன். எனக்குப் புருசனும் வேண்டும், அண்ணனும் வேண்டும். யார் பக்கம் பேசினாலும் மற்றவருக்கு ஆகாது.

அப்போதுதான் கப்பலில் வேலை பார்த்த சேவியர் லீவில் வந்தான். டிவியும் கேசட் போடுகிற டெக்கும் கொண்டுவந்திருந்தான். கூடவே ஒரு இங்கிலீஷ் படம், இரண்டு கேசட்டாக. ஆகாசத்துக்கு மேலே கப்பலில் போகிற மனிதர்களைப் பற்றின படம் என்றான். மாதா திருவிழாவுக்குக் கோயில் ஹாலில் எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம் என்பது அவன் ஆசை. முதலில் யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்றார் சாமி. அண்ணனைச் சொன்னார். கோயில் கமிட்டியிலிருந்து ஒருவர் என்று என் வீட்டுக்காரரையும் சொன்னார். பெண்கள் பார்க்கலாமா என்று சொல்ல ஒரு பெண்ணும் வேண்டும் என்று என்னையும் வரச் சொன்னார். சாமி தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமி வீட்டில் உட்கார்ந்தோம். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் நாற்காலி. எழுத்து ஓட ஆரம்பித்ததுமே தொடங்கிவிட்டார்கள்.

"ஏளா, ஒங்க அண்ணங்கிட்ட கேளு. இது சண்டப் படமா, பேய்ப் படமா?"

"ஏளா, ஒன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு. எழுத்தே முடியல, அதுக்குள்ள என்ன அவசரம்னு."

நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது.

படம் சரியாகத் தெரியவில்லை. மனிதர்களின் உச்சந்தலை வெட்டுப்பட்டிருந்தது. முகமெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. "ஃபாரின் கேசட் அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்" என்றான் சேவியர். "அப்போ ஃபாரின்ல எல்லாவனும் பச்சையாத்தான் திரியுதானா?" என்றார் அண்ணன். சாமி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நட்சத்திரம் காட்டினார்கள், அளத்தில் உப்பு சிந்தின மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. அப்போது அண்ணன் ஒன்று சொன்னார். வீட்டில் படம் பார்க்கிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். "தியேட்டர்ல கடலப் பாக்கோம். இதுல கொடத்துல மோந்து வச்ச கடலப் பாக்கோம். தண்ணி அதே தண்ணிதான். அலதான் இல்ல."

பிறகு கப்பலில் ஏதோ கெட்டுப்போனது. வெள்ளைச் சட்டை மாட்டி, தலைக்குக் கண்ணாடிக் கூடு போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவன் வெளியே இறங்கினான். உள்ளே ஒருவன் நின்று கயிறு விட்டான். சத்தம் நின்றுவிட்டது. டிவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து சேவியர் அதன் தலையில் தட்டினான்.

"அடிக்காதலே" என்றார் என் வீட்டுக்காரர். "கீழ போனா சத்தம் இருக்காது."

"ஏளா, ஒன் வீட்டுக்காரன் சொல்லுதது சரி" என்றார் அண்ணன். "படம் எடுத்தவன் வெவரமானவன்."

ஆகாசத்துக்கு மேலே போகிறவனை எல்லாரும் மேலே போகிறான் என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் கடைசிவரை கீழே போகிறான் என்றுதான் பேசினார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"ஏளா, ஒங்க அண்ணங்கிட்ட கேளு. அந்தக் கயிறு பிடிக்கிறவன் எறங்குனவனுக்கு என்ன வேணும்?"

"வேற யாரா இருக்கும்? பொண்டாட்டி கூடப்பெறந்தவனாத்தான் இருக்கணும். இல்லன்னா அவன் எப்படி எறங்குவான்?"

சொல்லி முடித்ததும் அண்ணனுக்கே சுருக்கென்று பட்டது போல. வாயை மூடிக்கொண்டார். 

வெளியே போனவன் கையைக் காலை ஆட்டாமல் மிதக்க ஆரம்பித்தான். கயிறு தொய்ந்தது. உள்ளே நிற்கிறவன் யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே நின்றான். எனக்கு இடது காதில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. அண்ணன் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மந்திரம் மெதுவாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் வேகம். மூன்றாவதில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இல்லை. நான்காவது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்த துண்டை இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தன. நான் வலது பக்கம் திரும்பினேன். என் வீட்டுக்காரர் படத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழு மச்சான்" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. நேராக அண்ணனிடமே சொன்னார். மூன்று வருடத்தில் அதுதான் முதல் வார்த்தை. டிவியில் நின்றவனும் அப்போதுதான் இழுத்தான்.

முதல் கேசட் முடிந்து, சேவியர் இரண்டாவதைப் போட எழுந்தான். சாமி பொறு என்று அவனுக்குக் கை காட்டினார்.

"என்ன மச்சான், மந்திரத்துல இந்த ஓட்டம் ஓடுத. அன்னைக்கும் இப்படித்தான் ஓடுனியோ?" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் தரையைப் பார்த்தே சொன்னார். "அன்னைக்கு இவ நிறமாசம் மாப்ளே. நாம வள்ளத்துக்குக் கெளம்பும்போது வயித்தத் தாங்கிக்கிட்டு வாசல்ல நின்னா. அது கண்ணுக்குள்ளயே நின்னுட்டு. ஏழுதான் சொன்னேன். சத்தியமா ஏழு சொன்னேன். ஆனா வேகமாச் சொல்லிட்டேன் போல."

"இதச் சொல்ல மூணு வருசமா வாய் வரலையாக்கும்?"

"கயித்தத் தொடாதன்னுட்ட. பொறவு என்னத்தச் சொல்ல?"

என் வீட்டுக்காரர் எழுந்து அண்ணன் பக்கம் வந்தார். பிறகு, "நாளைக்கு வள்ளத்துக்கு வந்துரு. மெதுவாச் சொல்லு" என்றார். "மாதாவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை சூசை" என்றார் சாமி. அண்ணன் சிரித்தார். நான் அழுதேன். இன்னும் பாதிப் படம் இருந்தது. அன்றைக்கு அதில் ஒன்றும் என் கண்ணில் ஏறவில்லை.

தீர்ப்பு சொல்ல வேண்டுமே. "கதை என்ன சூசை?" என்று கேட்டார் சாமி.

"மாமன் மச்சான் கத சாமி. ரெண்டு பேருக்கும் மனத்தாங்கல். கடைசில சேந்துருதானுவ."

"அதில் எங்கே மாமன் மச்சான் வந்தார்கள்?"

"கயிறு பிடிச்சான்ல சாமி" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

பலகையில் 'எல்லாரும் பார்க்கலாம்' என்று எழுதினார் சாமி. திருவிழாவுக்குக் கோயில் ஹாலில் போட்டபோது அண்ணன் டிவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார். ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாததால் அவர் சொன்னதுதான் கதை. இறங்கினவனின் பெண்டாட்டி நிறைமாதம் என்றும் சேர்த்துக்கொண்டார். படத்தில் அப்படி ஒரு பெண்ணே கிடையாது. கயிறு தொய்ந்த இடத்தில் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். அதற்குப்பிறகு விண்வெளிப் படம் எது வந்தாலும், "இதுல மச்சான் எவன்?" என்று எங்கள் தெருவில் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேசட் எப்படி என்று கேட்டவர்களுக்கு மட்டும் அண்ணன் உண்மையைச் சொன்னார். "படம் நல்ல படம். பொட்டிதான் சின்னது."

மறுநாள் முதல் கயிறு அண்ணன் கைக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கடலை விடுகிறவரை அண்ணன்தான் பிடித்தார், அதன்பிறகுதான் ஹார்பருக்கு வின்ச் ஓட்டப் போனார். "ஒங்க அண்ணன் இப்ப ரொம்ப மெதுவாச் சொல்லுதான். ஒருநாள் நான் கீழயே சமாதி ஆயிருவேன் போல" என்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார். அவர் கடலில் சாகவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் வீட்டில், தன் கட்டிலில், காய்ச்சலில்தான் போனார். அவர் பெட்டியைத் தூக்கினபோது முன்பக்கம் பிடித்தது அண்ணன். எழுபது தாண்டின மனுசர். வேறு யாரையும் அந்த இடத்துக்கு விடவில்லை.

அண்ணன் எனக்கென்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை. நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது அந்த நிதானம்தான். பேரப்பிள்ளைகள் பைக்கை எடுத்துக்கொண்டு போனால் வாசலில் நின்று மந்திரம் சொல்கிறேன். ஒவ்வொரு வார்த்தையையும் முழுதாகச் சொல்கிறேன். வாய்க்கு ஓடத் தோன்றும். ஓடினால் அவர்கள் சீக்கிரம் வந்துவிடப் போவதில்லை என்று நினைத்து நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிச் சாயங்காலம், மூக்கில் குழாயோடு நீ கண்ணை மூடிக் கிடந்தாய். வலது கை இறுக மூடியிருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. குனிந்து கேட்டேன். மந்திரம்தான், அவ்வளவு மெதுவாக. பக்கத்தில் நான் இருந்தேன், உன் பிள்ளைகள் வெளியே பெஞ்சில் இருந்தார்கள், என் வீட்டுக்காரர் எட்டு வருடத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். யாரைக் கீழே விட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருந்தாய், நண்டண்ணே?