ஊதா மூடிக் குழாய்

அந்தச் சோதனையை மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் நுணுக்குக்காட்டியில் இருட்டுத்தான்.

குருவிட்டப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் இறங்கி எலிக்காய்ச்சலோடு வருபவர்களின் இரத்தத்தை ஆராயும் சின்ன ஆய்வுகூடம் அது. அங்கே நான் உதவியாளர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அதை எங்கேயும் நான் மறைத்ததில்லை.

வெண்குருதிக் கலங்கள் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள ஒரு புரதம் உதவுகிறது. நோய் வந்தால் அது விழித்துக்கொள்ளும். விழித்த புரதத்தை மட்டும் பிடித்துப் பச்சையாக ஒளிரும் பிறபொருளெதிரி, விரல்நுனியளவு குப்பியில் வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டிக்குள் வந்திருந்தது. அதை நான் பாழாக்கிவிட்டேன் என்றார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் பொறுப்பதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உமக்குக் கை பழகேல்லைப் பிள்ளை. தேயிலைக் கொழுந்து பிடுங்கிற பரம்பரையெல்லோ! திங்கட்கிழமையில இருந்து போத்தல் கழுவும். இதை வேற ஆளிட்டக் குடுக்கிறன்."

"எங்க வீட்டுல யாரும் கொழுந்து பறிக்கல சேர். ரப்பர் பால் வெட்டுறாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பால் வாளியிலேயே கட்டியாகாமலிருக்கத் தோட்டத்தில் சில துளி அமோனியா விடுவார்கள். சிறுவயதில் ஒருநாள், உதவி செய்வதாக நினைத்து அம்மாவின் வாளியில் அதை அள்ளி ஊற்றிவிட்டேன். தட்டில் ஊற்றி, உறையவைக்கும் அசிட்டை விட்டும் பால் மறுநாள்வரை உறையவில்லை. தோட்டத்துக் கங்காணி எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கே வந்து கத்தினார். உறையாமல் காக்க விட்டதே பிறகு வேலையைக் கெடுத்திருந்தது.

நாங்கள் இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாய்களிலும் அது உறையாமலிருக்க ஒரு மருந்து உண்டு. அது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். குப்பியோடு வந்த தாளை மறுபடி படித்தேன். கல்சியமும் மக்னீசியமும் இல்லாவிட்டால் அந்தப் புரதம் விழிக்காது என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஊதாக் குழாயில் எடுக்கச் சொன்னவர் பொறுப்பதிகாரிதான்.

"சேர், கல்சியத்தப் பிடிக்காத வேற மருந்து போட்ட பச்சை மூடிக் குழாயில ஒரு தடவ பார்க்கணும்."

"மிச்சத்தையும் முடிக்கப் போறீரோ?"

"ஒரு சொட்டுதான் சேர். பிழையாப் போனா போத்தல் என்ன, தரையையும் சேர்த்துக் கழுவுறேன்."

அன்று வந்த நோயாளியின் இரத்தத்தைப் பச்சை மூடிக் குழாயில் எடுத்தேன். கலங்களின் விளிம்பெல்லாம் பச்சையாக மின்னியது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தற்செயலாயும் இருக்கலாம்."

"அப்போ காய்ச்சல் இல்லாத ஒருத்தர்ட இரத்தத்தையும் பார்ப்போம். கையை நீட்டுங்க சேர்."

சிரிக்காமல் சட்டைக் கையை மடித்தார். அவருடைய கலங்கள், இருக்கவேண்டியபடி, இருட்டாகவே இருந்தன.

திங்கட்கிழமை நான் போத்தல் தொட்டிப் பக்கமே போகவில்லை. அடுத்த நோயாளியின் பச்சை மூடிக் குழாயில் இலக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.