வெடிப்பின் நுனியில் பென்சில் கோடு

எங்கள் வயல் வட்டைக்கு நடுவே நிற்கும், நாங்கள் குடியிருக்கும் பழைய செங்கல் வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக்கச் சொல்லித் தொல்பொருள் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதியது நான்தான். வீட்டில் எழுதத் தெரிந்தவனும் நான் மட்டும்தான். அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் தொடமாட்டோம் என்று அப்பாவைக் கைநாட்டு வைக்கச் செய்ததும் நானே.

மாரி தொடங்கியதும் அடுப்படிச் சுவர் வெடித்தது. திருத்த அனுமதி கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுவைத்தேன். ஒவ்வொரு காலையும் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தது; புதுக் கோடு போட்டேன். சுண்ணாம்பு உதிரும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கோட்டைப் பார்ப்பேன்.

நான்காவது கோடும் தாண்டிய அன்று அப்பா ஒரு தென்னங்குற்றியை இழுத்துவந்தார்.

"முட்டுக் கொடுத்தா வழக்கு வரும் அப்பா."

"உன்ட கடிதத்துக்குச் சுவர் காத்துக்கிட்டு நிக்குமா மகன்?"

உள்ளிருந்து அம்மா சொன்னார்: "ரெண்டு பேரும் வெளியில நிண்டு கதைங்க. இதுக்குக் கீழ நிண்டு சோறு வடிக்கிறது நான்தானே."

நான் குற்றியின் மறுமுனையைத் தூக்கினேன்.

பின்னேரம் இன்னொரு கடிதம் எழுதினேன். முட்டுக் கொடுத்தது நான் என்று எழுதி, என் கையெழுத்தையே போட்டேன். போடும்போதும் காது சுவரிலேயே இருந்தது.