ஆறே முக்கால் ஜன்னல்

எக்ஸ்ரேக்காரம்மாவுக்குப் பேய் பயம் கிடையாது. பெரிய மருத்துவமனையின் அடித்தளத்து அறையில் முப்பத்தோரு வருடம் ஊர் ஜனங்களின் எலும்புக்கூடுகளைப் பார்த்துச் சலித்தவர். அவர் பார்த்த விலா எலும்புகளை வரிசையாக நட்டால் நகரத்துக்கு இரண்டு சுற்று வேலி போடலாம், வாசல் கதவுக்கும் கொஞ்சம் மிஞ்சும். பேச்சுதான் அவருக்கு வாய்க்கவில்லை. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதற்கு மேல் அந்த உத்தியோகத்தில் பேச ஒன்றுமில்லை. கல்யாணமும் ஆகவில்லை. அக்கா மகள் ஒருத்தி தூரதேசத்தில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை போன் செய்து, "சித்தி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பாள். பதில் முடிவதற்குள், "சரி சித்தி, வச்சிடறேன்."

பழைய நகரத்தில், கல் பாவிய தெரு ஒன்றில், இரண்டாவது மாடியில் அவர் குடியிருந்தார். அந்தத் தெருவுக்குத் தினம் சாயங்காலம் ஒரு கும்பல் வரும். முன்னால் கறுப்புக் கோட்டும் பேட்டரி லாந்தரும் கொண்ட ஒரு மனிதர். பின்னால் இருபது வெளியூர்க்காரர்கள். பாழடைந்த வீடு, பழைய கோர்ட்டு, கிணறு என்று ஒவ்வொரு இடமாக நிறுத்தி அங்கே உலவும் பேயைப் பற்றி அவர் கதை சொல்லுவார். தெருவில் எல்லாரும் அவரைப் பேய்க்காரர் என்றுதான் சொல்லுவார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், எக்ஸ்ரேக்காரம்மா தலைக்குக் குளித்து, நரைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கீழே என்ன சத்தம் என்று ஜன்னலுக்கு வந்தார். கீழே இருபது பேரும் அலறிவிட்டார்கள். ஒருவர் செருப்பை விட்டுவிட்டே ஓடிப்போனார். வெகுநாளைக்குப் பிறகு தன்னை இத்தனை பேர் ஒரே சமயத்தில் ஏறிட்டுப் பார்த்தது அவருக்கு, சொல்ல வெட்கம், பிடித்திருந்தது. மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும். காய்ச்சலோ மழையோ, ஆறே முக்காலுக்கு விளக்கை அணைத்து, சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்து விடும் நேரம் ஜன்னலில் நின்று விலகுவார். பேய்க்காரரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தான் மனுஷிதான் என்று அவருக்குத் தெரியுமா, அதுவும் தெரியாது.

இப்படி இருக்கையில் கீழ்வீட்டுக் குடை ரிப்பேர்காரர் செத்துப்போனார். செத்தது ஆறு நாள் கழித்து, வாடையால்தான் தெரிந்தது. போலீஸ்காரர் படியேறி வந்து கேட்டார்: "கடைசியா அவரை எப்பம்மா பாத்தீங்க?"

தினம் இரண்டு தரம் அந்தக் கதவைக் கடந்து போகிறவர், போன வாரமா போன மாதமா என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரே கேள்வி காதில் கொசு மாதிரி சுற்றியது. எனக்கு எத்தனை நாள் ஆகும்?

எக்ஸ்ரே எடுத்துப் பழகியவருக்கு ஊகம் பிடிக்காது, படம் வேண்டும். தான் ஜன்னலில் இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்று கீழே நின்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். மறுநாள் கொண்டையை இறுக்கிப் போட்டு, கண்ணாடி மாட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு போய்ப் பேய் நடைக்குச் சீட்டு வாங்கினார். பேய்க்காரர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் ஒரு குண்டு அம்மாள், கணவரின் கையை விடாமல் நடந்தாள். "நீங்க தனியாவா வந்திருக்கீங்க? தைரியந்தான். எனக்கு இவர் இல்லன்னா நடுங்கிடும்."

"நான் இருந்தாலும் நடுங்குறா," என்றார் கணவர்.

கிணற்றையும் கோர்ட்டையும் கடந்து ஆறு நாற்பதுக்கு எக்ஸ்ரேக்காரம்மாவின் வீட்டுக்கு எதிரே வந்தார்கள். தன் ஜன்னலைக் கீழேயிருந்து அவர் அப்போதுதான் நின்று பார்த்தார். அதன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் போலிருந்தது.

பேய்க்காரர் குரலைத் தாழ்த்தினார். "இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு வைத்தியர் இருந்தார். கொள்ளைநோய் வந்தப்ப வைத்தியம் பாக்கப் போனவர் திரும்பவேயில்ல. அவரோட சம்சாரம் இன்னும் அந்த ஜன்னல்ல காத்திட்டிருக்காங்க. பாத்துக்கிட்டே இருங்க."

அறுபத்து மூன்று வருடமாகக் கிடைக்காத கணவர் அரை நிமிடத்தில் கிடைத்து, செத்தும் போய்விட்டார். எக்ஸ்ரேக்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஆறே முக்கால். இருபது தலைகள் நிமிர்ந்தன. ஜன்னல் இருட்டாக இருந்தது. ஆறு நாற்பத்தெட்டு. பேய்க்காரர் கொள்ளைநோயை இன்னொரு தரம் சொன்னார், இந்தத் தடவை ஊரில் பாதிப்பேர் கூடுதலாகச் செத்தார்கள். ஐம்பத்திரண்டு.

"பேய்க்கு இன்னிக்கு லீவு போல," என்றார் குண்டு அம்மாளின் கணவர். நாலு பேர் சிரித்தார்கள்.

பேய்க்காரர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் லாந்தரை நீட்டினார். "அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்க. எல்லாரும் இங்கயே இருங்க, வந்திடறேன்."

லாந்தர் வந்து சேர்ந்தது எக்ஸ்ரேக்காரம்மாவின் கையில். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கறுப்புக் கோட்டு படிக்கட்டில் தாவி ஏறியது. மாடியில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா... உள்ள இருக்கீங்களா? அம்மா!"

"என்னங்க இது, பேய் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுறாரு," என்றாள் குண்டு அம்மாள்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் அந்தக் கதவை யாரும் தட்டி வெகுகாலமாகியிருந்தது. இன்னும் ஒரு தரம் தட்டட்டும் என்று நின்றார். தட்டினார். இன்னும் ஒரே ஒரு தரம். அப்புறம் தோளால் கதவை இடிக்கிற சத்தம் வந்தபோதுதான், லாந்தரைக் குண்டு அம்மாள் கையில் திணித்துவிட்டு ஏறினார்.

"உடைச்சிடாதீங்க. சாவி இருக்கு."

பேய்க்காரர் திரும்பினார். கொண்டையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா விளையாட்டு இது? உசுரே போயிடுச்சு எனக்கு."

"நான் மனுஷின்னு தெரியுமா?"

"மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கிற பேயை எங்கயாவது பாத்திருக்கீங்களா? போன மார்கழியில பூரா சிந்துனீங்க. கீழ்வீட்டுக்காரர் சேதி கேட்டதிலேருந்து, நீங்க வந்து நின்னாத்தான் எனக்கு அடுத்த கதையே வாயில வரும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தட்டறப்போ என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னுகூடத் தெரியல."

எக்ஸ்ரேக்காரம்மா சாவியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் பையைத் துழாவினார். "அக்கான்னு கூப்பிடுங்க."

கீழே யாரோ கை தட்டி அழைத்தார்கள். இன்னும் மூன்று பேய்கள் பாக்கி இருந்தன. "வரேன்க்கா" என்று பேய்க்காரர் இறங்கினார். கும்பலின் காலடிச் சத்தம் தெருமுனை திரும்பியதும் அடங்கிவிட்டது.

எக்ஸ்ரேக்காரம்மா உள்ளே போய், தாழ்ப்பாள் போடாமல், கதவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு வேறு யாரும் தட்டவில்லை. மணி ஏழே கால். மறுநாள் ஆறே முக்காலுக்கு இன்னும் இருபத்து மூன்றரை மணி நேரம் இருந்தது.